கோவிந்தன் கும்பிட்ட விதம்

கற்பூரத் தட்டு உயர்ந்தது. மணி அடித்தது. எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்ற ஆண்கள் எல்லாரும் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார்கள். நடுவில் நான் மட்டும் முழங்காலை மடித்து, பாதத்தை ஒடுக்கி, கையை முன்னால் ஊன்றி, நெற்றியைச் சிமெண்டுத் தரையில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? அந்தக் கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும் நான் கோவிந்தன். ஹோட்டலில் மேசை வேலை பார்க்கும் ஆண்பிள்ளை. ஆண் என்றால் உடம்பு முழுக்கத் தரையில் பட விழ வேண்டும். முழங்காலிட்டுக் கும்பிடுகிறவள் பெண். இது நம் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நான் பெண்தான். சில வருஷமாக யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்ததை, ஒரு கும்பிடு போட்டுக் கெடுத்துக்கொண்டேன். எல்லாம் என் முழங்கால் செய்த வேலை. புத்தியைக் கேட்டா அது மடங்கியது?

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு

"ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் பழசையும் சொல்லுங்கம்மா, நடுவில் வந்தவர்கள் முழிக்கிறார்கள்" என்று பத்திரிகை ஆசிரியர் தம்பி சொல்கிறார். சரி, சொல்கிறேன். ஏற்கெனவே படித்தவர்கள் காப்பி போட்டுக்கொண்டு வாருங்கள்.

மலாயாவில் டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன். ஒரு காய்ச்சல் காலத்தில் அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் போய்ச் சேர்ந்தார்கள். கண்ணீர் காய்வதற்குள் கங்காணி வந்து நின்றான். தோட்டத்தில் ஆள் பிடிப்பதும் மேய்ப்பதும் அவன்தான். ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிற அவனுக்கு, அனாதையான என் மேல் திடீரென்று அக்கறை பொத்துக்கொண்டு வந்தது.

அடுப்படிக் கத்தியால் முடியை அறுத்தேன். அண்ணன் சட்டையையும் வேட்டியையும் மாட்டிக்கொண்டேன். காஜாங் வரை மாட்டு வண்டி, அங்கிருந்து ரயில். தனியாக ஒரு பெண் போனால் அடுத்த ஸ்டேஷனிலேயே கங்காணியின் ஆள் பிடித்திருப்பான். தனியாகப் போகிற பையனை யார் பார்க்கப் போகிறார்கள்?

கோலாலம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஹோட்டல் நடத்தினாள். கயிறு கட்டி இழுக்கும் பங்கா விசிறி போய் மின்விசிறி வந்திருந்த புதிது. ஹோட்டலின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொல்லி வம்பை விலைக்கு வாங்குவானேன். அங்கே மேசைக்கு ஆள் வேண்டியிருந்தது, எனக்கு ஒளிய இடம் வேண்டியிருந்தது. கோவிந்தன் என்றேன், சேர்த்துக்கொண்டார்கள்.

ஆண்பிள்ளை ஆவது எப்படி

ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார், "இத்தனை வருஷம் எப்படியம்மா சமாளித்தீர்கள்?" என்று. ஐயா, ஆண்பிள்ளையாக இருப்பதில் பாதி, சத்தமாகத் தும்முவதுதான். மீதிப் பாதி, உட்காரும்போது இரண்டு ஆள் இடத்தை அடைப்பது.

உடுப்பு எனக்கு வாய்த்த பெரிய உதவி. கழுத்து வரை பித்தான் வைத்த, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. தலைப்பாகை. அதற்குள் ஒரு ஆட்டுக்குட்டியை நிறுத்தினாலும் துரைமார்களுக்குத் தெரியாது. அவர்கள் எங்கள் முகத்தையா பார்த்தார்கள், தட்டைத்தான் பார்த்தார்கள்.

மேசைக்கு நிற்கிறவர்கள் மீசை வைக்கக்கூடாது என்று அந்த அம்மாள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். மற்ற ஆண்கள் அவளைத் திட்டாத நாள் இல்லை. நான் மனதுக்குள் அவளுக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டேன். காலையில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு வெளியே வந்து, நாலு பேர் பார்க்க, இல்லாத தாடியை மழித்ததாகக் கழுவிக்கொண்டு போவேன்.

படுக்கை மட்டும் சங்கடம். ஆண்கள் எல்லாரும் பின்கட்டில் ஒரு கொட்டகையில் பாய் போட்டுப் படுப்பார்கள். அங்கேயே திறந்த வெளியில் குளிப்பார்கள். நான், வெள்ளிக் கரண்டி முள்ளெல்லாம் பூட்டி வைக்கும் சின்ன அறையில் காவலுக்குப் படுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளே தாழ்ப்பாள் உண்டு. ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டால் குளியலும் அங்கேயே முடியும். அந்தத் தாழ்ப்பாள் இருந்ததால்தான் நான் இருந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பயம் பழகிப்போகும், தனிமை பழகவே பழகாது. சாயங்காலம் குழாயடியில் பெண்கள் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி தலை வாரிக்கொண்டு பேசுவார்கள், சிரிப்பார்கள். எனக்கும் போய் உட்கார ஆசையாக இருக்கும். நான் பக்கத்தில் போனதும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆண்களிடம் போனால் அவர்கள் பேசுகிற பேச்சு காதில் கேட்க முடியாது. அறைக்குத் திரும்பி வந்து கரண்டிகளைத் துடைப்பேன். சில நாள் அழுவேன்.

மாணிக்கம் பட்லர் கண்டுபிடித்த நோய்

எங்களுக்கெல்லாம் மேலே மாணிக்கம் பட்லர். நாகப்பட்டினத்துக்காரர், தொப்பையும் தங்கமான மனசும். குடும்பத்தோடு பக்கத்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தார். அவருக்கு ஒரு வியாதி உண்டு, கல்யாணம் ஆகாத ஆளைக் கண்டால் தாங்காது. குசினியில் சமையல் வேலை செய்தவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் பெண் பார்த்து வைத்தார்.

"கோவிந்தா, உன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சோறு எறங்கலடா," என்றார் ஒருநாள். "ஒத்தையாக் கெடந்து மறுகுற. பேச ஒரு ஆள் வேணும்டா உனக்கு."

என் நோயைச் சரியாகக் கண்டுபிடித்த ஒரே மனிதர் அவர்தான். மருந்துதான் தப்பாகிவிட்டது. ஆயா தங்கத்தைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

தங்கம், ஹோட்டலில் வந்து தங்குகிற வெள்ளைக்காரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்திருப்பாள். புருஷன் கிள்ளானில் கப்பல் சரக்கு ஏற்றுகிற வேலையில் இருந்து, காய்ச்சலில் போய்விட்டான். வெள்ளைச் சேலை, வெடுக்கென்ற பேச்சு. ஆனால் அழுகிற குழந்தையை அவள் தூக்கினால் உடனே அடங்கிவிடும். "நம்ம ஜனத்துல அறுத்துக் கட்டுறதுக்குத் தடை இல்லடா, என்ன யோசிக்கிற?" என்றார் பட்லர்.

நான் ஏதேதோ சாக்குச் சொன்னேன். சம்பளம் போதாது என்றேன். ஜாதகம் சரியில்லை என்றேன். என்னிடம் ஜாதகமே கிடையாது. ஒவ்வொரு சாக்குக்கும் பட்லர் ஒரு பதில் வைத்திருந்தார். கடைசியில் அவருக்கே கோபம் வந்துவிட்டது.

"ஒரு நல்ல பொண்ணை வேண்டாங்கறதுக்குக் காரணம் இருக்கணும். ராத்திரியில தனியாத் தாப்பாப் போட்டுக்கிட்டு என்னதான்டா பண்றே? ஞாயித்துக்கிழமை தட்டு மாத்துறோம். மாட்டேன்னா அன்னிக்கே பாயைச் சுருட்டிக்கிட்டுக் கொட்டாய்க்கு வந்துடு. நாலு பேரோட படு, நாலு பேரோட குளி. அப்பத்தான் மனுசனாவே."

கொட்டகைக்குப் போனால் ஒரு நாள் தாங்காது என் வேஷம். சம்மதித்தாலோ ஒரு பெண்ணின் வாழ்க்கையோடு விளையாடுவது. ஓடிப்போகலாம் என்றால், வெளியே கங்காணிகளுக்கா பஞ்சம்?

ஆடி வெள்ளி

அந்த வாரம்தான் ஆடி வெள்ளி வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பட்லர் எங்களை ஒரு கூட்டமாகக் கோயிலுக்குக் கூட்டிப் போவது வழக்கம். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வேக்காரர்கள் எழுப்பிய தகரக் கூரை அம்மன் கோயில். அங்கே ஆண்கள் சட்டை கழற்றுகிற வழக்கம் இல்லை, அதனால் நானும் தைரியமாகப் போவேன். மற்ற வருஷங்களில் எல்லாரோடும் பொத்தென்று விழுந்து எழுந்துவிடுவேன்.

அந்த வருஷம் மனசு என்னிடம் இல்லை. "ஆத்தா, அந்த ஒரு அறையை மட்டும் எங்கிட்டேருந்து பிடுங்கிடாதே" என்று வேண்டிக்கொண்டே கண்ணை மூடினேன். சின்ன வயதில் அம்மா பக்கத்தில் நின்று எப்படிக் கும்பிட்டேனோ அப்படியே என் உடம்பு மடங்கிவிட்டது. நெற்றியில் சிமெண்டு சில்லென்று பட்ட பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. எழுந்தால் காட்டிக்கொடுக்கும், எழாவிட்டாலும் காட்டிக்கொடுக்கும்.

எழுந்தேன். ஆண்கள் நெற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். குப்புறக் கிடந்தவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவன் எப்படிக் கும்பிட்டான் என்று எப்படித் தெரியும்? அப்பாடா என்று இருந்தது. பெண்கள் பக்கம் பார்த்தேன். எல்லாரும் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியைத் தவிர.

தங்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை என் முழங்காலில் இருந்த மண்ணுக்கு வந்தது, பிறகு முகத்துக்கு ஏறியது. ஆண்களுக்குப் போலக் குரல்வளை துருத்தாத என் கழுத்தில் வந்து சற்று நின்றது. சிரிப்பாள், இல்லை கூச்சல் போடுவாள் என்று நினைத்தேன். சாவுச் செய்தி கேட்டவள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வராந்தாவில் ஒரு குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தவளிடம் போய், "தங்கம், நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"போயி உங்க வேலையப் பாருங்க," என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

சொல்லுவாளா, மாட்டாளா? சனிக்கிழமை முழுக்க ஒரு துரைக்கு வைக்க வேண்டிய சூப்பை இன்னொரு துரைக்கு வைத்தேன். அண்ணன் சட்டையை ஒரு துணியில் மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டேன்.

தட்டு மாற்றிய ஞாயிறு

குசினிக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் பாய் விரித்திருந்தார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தங்கத்துக்கென்று பட்லர் தன் கையிலிருந்து போட்டு வாங்கிய ஒரு அரக்குச் சேலை. பாவம், மனுஷன் பாசார் கடைத்தெருவுக்குத் தானே போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

"என்னடா கோவிந்தா, தட்டா, கொட்டாயா?" என்றார் பட்லர். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கம் முன்னால் வந்தாள்.

"அவரைக் கேக்காதீங்கண்ணே. என்னைக் கேளுங்க. எனக்குப் புருஷன் இருக்காரு."

சிரிப்பு நின்றது. பட்லர் கையில் எடுத்த பாக்கை மறுபடி தட்டில் வைத்தார்.

"என்னம்மா சொல்றே? அப்ப இந்த வெள்ளைச் சீலை?"

"நானாக் கட்டிக்கிட்டது. அந்தாளு கிள்ளான்ல வேற ஒருத்தியோட இருக்காரு. எனக்கு அவரு செத்த மாதிரிதான்னு நானே எல்லாத்தையும் அழிச்சுக்கிட்டேன். அது இவருக்குத் தெரியும். ஒருநா அழுது சொல்லிட்டேன். அதான் வேணாம் வேணாம்னு நின்னாரு. எம் மானம் போயிடும்னு உங்ககிட்ட வாயத் தொறக்கல."

அப்பட்டமான பொய். வருஷா வருஷம் திதிக்குப் புருஷனைப் புதைத்த இடத்துக்குச் சோறு கொண்டுபோவாள். ஸ்டேஷன் வரை அந்தக் கூடையைத் தூக்கிப் போனவள் நான்.

பட்லருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு அவன்? பேரைச் சொல்லு. கிள்ளான்ல எனக்கு ஆள் இருக்கு, நாளைக்கே காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரச் சொல்றேன்."

"புருசன் பேரை எப்படிண்ணே வாயால சொல்றது?" என்றாள் தங்கம்.

அதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? செத்தவனோ இருப்பவனோ, கட்டினவன் பேரை எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். அவள் இந்த ஹோட்டலுக்கு வந்த நாளாக அந்தப் பேரை ஒருவரும் கேட்டதில்லை. விசாரிக்க ஒரு நுனியும் இல்லாமல் அந்தப் பொய் கல் மாதிரி நின்றுவிட்டது.

"ஜாடையாவது காட்டேன்," என்றார் பட்லர் விடாமல்.

"அந்தாளை நான் ஜாடைக்குக்கூட நெனைக்க மாட்டேண்ணே."

பட்லரின் பெண்டாட்டி எழுந்து நின்றாள். "உசுரோட இருக்கற புருசனுக்குத் தாலி அறுத்தவளா நீ? உன்கூடவா நாங்க உக்காந்து சோறு தின்னோம்?" என்று சேலைத் தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போனாள்.

பட்லர் என் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "ஒரு பொம்பளை மானத்துக்காக இத்தனை ஏச்சு வாங்கிட்டு வாய மூடிக்கிட்டு நின்னியேடா. நீதான்டா ஆம்பளை," என்றார்.

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

குழாயடி

அறை எனக்கே நிலைத்துவிட்டது. தாழ்ப்பாளைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. பட்லர் போகிற இடமெல்லாம் என் பெருமையைப் பாடினார். ஹைலாம் சீனச் சமையற்காரர்கூட என் தட்டில் கோழிக்கறி கூடப் போட ஆரம்பித்தார். அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

ஏனென்றால் குழாயடியில் தங்கம் உட்கார்ந்தால் மற்றப் பெண்கள் எழுந்துவிடுவார்கள். அவள் வாளியை நகர்த்தி வைத்துத் தங்கள் வாளியை வைப்பார்கள். அவள் தலையை வாரிவிட ஆள் இல்லை. எனக்கு எது இல்லையென்று இத்தனை வருஷம் அழுதேனோ அதை அவள் எனக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். நான் எதிரே வந்தால் வேறு வழியாகப் போனாள். ஏன் செய்தாள் என்று கேட்கக்கூட எனக்கு வழி விடவில்லை.

ஆடி போய் ஆவணியும் பாதி போனபின், ஒருநாள் மத்தியானம். துரைமார்கள் தூங்குகிற நேரம். நான் அறையில் முள்கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தங்கம் உள்ளே வந்து, கதவை ஒருக்களித்து வைத்து, எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒரு துணியை எடுத்துக்கொண்டு அவளும் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஏன் தங்கம் அப்படிச் சொன்னே?" என்றேன்.

"வேற என்ன சொல்றது? உள்ளதைச் சொன்னா நீங்க தெருவுல."

"என் மேல கோபம் இல்லையா?"

"இல்லாம? நல்லா இருக்கு." ஒரு கரண்டியை வெகு நேரம் தேய்த்தாள். "மாணிக்கண்ணன் தானா வந்து உங்களைக் கேட்டாருன்னா நெனைச்சீங்க? நான்தான் என் ஆசைன்னு காட்டிக்காம அவரு பொஞ்சாதி காதுல போட்டேன். குடிக்க மாட்டாரு, கத்த மாட்டாரு, பொம்பளை கையில சுமையைப் பாத்தா ஓடி வந்து வாங்கிக்கிறாரு. இந்த ஊர்ல இப்படி ஒரு ஆம்பளையான்னு மலைச்சுப் போயிருந்தேன். நீங்க பொம்பளையா இருந்துக்கிட்டுத்தான் அப்படி இருந்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அன்று கோயிலில் அவள் வாயைப் பொத்திக்கொண்டது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நான் ஒருநாளாவது உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். ஹோட்டல் முழுக்க என்னைக் கோவிந்தா கோவிந்தா என்று ஏலம் போடும். இவள் மட்டும் எப்போதும் 'இந்தாங்க', 'இங்க பாருங்க'. கர்வக்காரி, என் பேரைச் சொன்னால் வாய் வலிக்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

"கட்டிக்கப்போற ஆளுன்னு மனசுல வெச்சுக்கிட்டேன். அப்புறம் வாயில பேரு வரல," என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, விடு. அந்தக் கதை முடிஞ்சு போச்சு. இனிமே பேரைச் சொல்லிக் கூப்பிட என்ன தடை? உம் பேரு என்ன?"

"கோவிந்த..."

"அதில்ல. உங்க அம்மா வெச்ச பேரு."

"அஞ்சலை," என்றேன். என் குரலே எனக்கு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி கரண்டியை எடுத்தாள். நானும் துடைத்தேன். வெளியே குதிரை வண்டி ஒன்று போனது. கொஞ்ச நேரம் கழித்து, குனிந்த தலை நிமிராமல், "அஞ்சலை" என்று கூப்பிட்டாள்.

நான் சும்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டியாடி?" என்றாள்.

"ஏன்?" என்றேன்.

"சும்மாத்தான்," என்றாள் தங்கம்.